மார்னிங் டியூட்டி மாதம்

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து இன்று பள்ளி. மனைவி நர்ஸ். இந்த மாதம் அவளுக்கு மார்னிங் டியூட்டி. ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும் என்று ஆறுக்கே கிளம்பிவிட்டாள். இந்த நாட்களில் சென்னையில் சூரியன் வரவே ஆறரை ஆகிறது. இருட்டிலேயே இரண்டு பிள்ளைகளையும் எழுப்பினேன். சின்னவனுக்கு ஒரு சாக்ஸ்தான் கிடைத்தது. பெரியவளின் ஐடி கார்டு வாஷிங் மெஷினுக்குள் கிடந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வழக்கமான ரயில் போயே போய்விட்டது.

ஜனவரி 6, செவ்வாய்

நேற்று இரவு ரோஷத்தில் ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். தூங்கும் முன் செய்ய வேண்டியவை, மொத்தம் பதினான்கு. நாள் முழுக்க எக்செல்லில் உழல்கிறவன் புத்தி வேறெங்கே போகும்? காய் நறுக்கி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, ஏழாவது வேலைக்கு வரும்போது மணி பதினொன்று. மனைவி நின்று படித்துவிட்டு, "இதுக்குத் தனியா ஆள் போடணும்" என்றாள்.

ஒன்று மட்டும் பலித்தது. இரவே ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டேன். மணம் ஒரு படி குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுந்ததும் பாலைக் காய்ச்சினால் காபி தயார்.

ஜனவரி 7, புதன்

மாவு பொங்கவில்லை. கல்லாட்டம் இட்லி. கும்பகோணத்துக்கு ஃபோன் போட்டேன். "மார்கழியில ராத்திரி எட்டு மணிக்கு அரைச்சா எப்படிடா பொங்கும்?" என்றார் அம்மா. வெயில் காலத்தில் எட்டு மணி நேரம் போதுமாம், இப்போது பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டுமாம். அதனால் காலையில் வீட்டைப் பூட்டும் முன் நான் ஊறப்போடுவது, மூன்று மணிக்கு மேல் வரும் மனைவி அரைப்பது என்று பேச்சு. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உப்புப் போட்டுக் கையால்தான் கலக்க வேண்டும், கரண்டி கூடாது என்பது அம்மாவின் கட்டளை. பாத்திரத்தைச் சுற்றி ஒரு பழைய போர்வை. அதுவும் அம்மா சொன்னதுதான்.

ஜனவரி 8, வியாழன்

பொங்கி மூடியைத் தூக்கிவிட்டது! போர்வையைத் துவைக்க வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

தண்ணீருக்கும் வழி கிடைத்தது. மனைவி மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றுவாள், அது ஒருநாளும் தவறாது. அந்த நேரத்தில் பெரியவள் மோட்டார் ஸ்விட்சைப் போட வேண்டும். அணைக்க மறந்தால் பக்கத்து வீட்டு மாமா சத்தம் போடுவார், அலாரம் தேவையில்லை. நான் மட்டும் நினைவு வைத்துக்கொண்டிருந்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது தொட்டி காலியாகிவிடும்.

சாக்ஸும் அப்படித்தான். கொடியிலிருந்து எடுக்கும்போதே ஜோடி சேர்த்துச் சுருட்டிவிட வேண்டும். அலமாரிக்குள் போய்விட்டால் யாராலும் சேர்க்க முடியாது. துணையில்லாமல் கிடந்த அந்த ஒற்றை சாக்ஸை இன்று குப்பையில் போட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

சின்னவனின் பையைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை தயிர் சாதம். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

இனி வீட்டுக்கு வந்ததும் டிபன் டப்பா சிங்குக்குப் போக வேண்டும், அதன் பிறகுதான் டிவி ரிமோட் கைக்கு வரும். ரிமோட் என் சட்டைப் பையில்.

ஜனவரி 13, செவ்வாய்

இரண்டு நாளாக ரிமோட் சட்டம் நடக்கிறது. நேற்று நான் என் டப்பாவைப் பையிலேயே விட்டுவிட்டேன், பிள்ளைகள் எனக்கும் டிவி தரவில்லை.

நாளை போகி. ஃபிரிட்ஜில் இருந்த பட்டியலைக் கிழித்துப் பழைய பாய்க்கு மேல் வைத்தாயிற்று. வீட்டை ஒழிக்கும்போது கட்டிலுக்கு அடியில் இன்னொரு சாக்ஸ் கிடைத்தது.