கட்டையும் கட்டைவிரலும்

எங்கள் அப்பா தெருக்கூத்தில் பெட்டி வாசித்தவர். பெட்டி என்றால் ஆர்மோனியம். காரிமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடந்தால் விடிய விடிய அவர் கை ஓயாது. நான் அதைத் தொட்டதே இல்லை. படிப்பு, வேலை என்று கிருஷ்ணகிரிக்கு வந்து, மாங்கூழ் ஆலை ஒன்றின் லேபில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தொரு வயதில் கீபோர்டு பழக ஆரம்பித்ததற்குக் காரணம் ஆசையில்லை, எரிச்சல். மகளுக்காக வாங்கிய 61 கட்டை கீபோர்டு, அவள் மூன்றே மாதத்தில் கிளாஸை நிறுத்தியதும், பீரோ மேல் தூசி பிடித்துக் கிடந்தது. போட்ட காசு கண்ணை உறுத்தியது.

முதலில் அவள் போன அதே கிளாஸுக்குத்தான் நானும் போனேன். அங்கே நேராகப் பாட்டுதான். எந்தப் பாட்டாக இருந்தாலும் வெள்ளைக் கட்டையிலேயே வாசித்துவிட்டு, பாடுகிறவருக்குச் சுருதி ஒத்துவராவிட்டால், மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு தட்டச் சொல்வார்கள். ஆறு வாரத்தில் நாலு பாட்டு வாசித்தேன். அந்த நாலைத் தவிர ஐந்தாவதாக ஒரு வரி வாசிக்கத் தெரியாது. ஊருக்குப் போனபோது அப்பா, "நாலு கட்டையில எடு, பாடறேன்" என்றார். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது அவர் வழக்கம். நான் பட்டனைத் தேடினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை.

அப்புறம்தான் பழையபேட்டையில் ஒரு டீச்சரைப் பிடித்தேன். ரிட்டயர் ஆனவர், வீட்டில் பழைய பியானோ ஒன்று வைத்திருக்கிறார். 88 கட்டை, அதில் 52 வெள்ளை, 36 கறுப்பு. முதல் நாளே, "தம்பி, அந்தப் பட்டனை மறந்துடுங்க. பாட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். ஸ்கேல் கட்டலாம்" என்றார். ஸ்கேல் என்றால் சுரங்கள் ஏறும் வரிசை. வாசிக்கலாம் என்று சொல்லவில்லை, கட்டலாம் என்றார். அந்த வித்தியாசம் புரிய ஒரு வாரம் ஆனது.

கட்டுவது உண்மையிலேயே சுலபம். ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு, வெள்ளையோ கறுப்போ, நடுவில் எதையும் விடாமல் போனால் அரை அடி. ஒன்றை விட்டு அடுத்ததற்குப் போனால் முழு அடி. மேஜர் ஸ்கேலுக்கு அளவு ஒன்றே ஒன்றுதான்: முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. எங்கே ஆரம்பித்தாலும் இந்த ஏழு அடி நடந்தால் மேல் ஸ்தாயியில் அதே சுரத்தில் போய் நிற்கலாம். டெய்லர் கையிலிருக்கும் இஞ்ச் டேப் மாதிரி. ஆள் மாறுவார், டேப் மாறாது.

டீச்சர் சி, டி, இ என்று எழுத்தில் சொன்னார். எனக்கு அது ஒட்டவே இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் கணக்கில் போட்டுப் பார்த்தேன், பட்டென்று விளங்கியது. சி என்பது ஒரு கட்டை. டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. கறுப்புகள் எல்லாம் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லையே, ஏன் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பே கிடையாது, அதனால்தான். ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. அதாவது அந்த இரண்டு இடத்திலும் பக்கத்து வெள்ளைக்குப் போனாலே அரை அடிதான். ஒரு கட்டையில் ஆரம்பித்தால் டேப்பின் இரண்டு அரைகளும் சரியாக அங்கேயே வந்து விழுகின்றன. சி மேஜர் முழுக்க வெள்ளையாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஐந்தில் ஆரம்பித்துப் பாருங்கள். ஐந்து, ஆறு, ஏழு, ஒன்று, இரண்டு, மூன்று வரை வெள்ளை. மூன்றிலிருந்து முழு அடி வைக்க வேண்டும். நாலு அரை அடிதான், ஆக நாலரை. அங்கிருந்து அரை அடி, ஐந்து. ஜி மேஜரில் ஒரு கறுப்பு. அங்கிருந்து ஐந்தாவது சுரத்தை எடுத்து, அதில் ஆரம்பித்தால் இரண்டு கட்டை, கறுப்பு இரண்டு. இப்படியே ஐந்து ஐந்தாகத் தாவினால் ஆறில் மூன்று, மூன்றில் நாலு, ஏழில் ஐந்து. புதிதாகச் சேரும் கறுப்பு ஒவ்வொரு முறையும் ஏழாவது சுரத்தில்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தவன், லேப் நோட்டில் பன்னிரண்டையும் எழுதி முடித்தபோது காபி நேரம்.

அந்த நோட்டைப் பார்த்த டீச்சர் ஒரே ஒரு இடத்தில் சுழித்தார். நாலு கட்டை ஸ்கேலில் நாலாவது சுரமாக ஏ ஷார்ப், அதாவது ஏ-க்கு அரை அடி மேல், என்று எழுதியிருந்தேன். அது பி ஃபிளாட், அதாவது பி-க்கு அரை அடி கீழ், என்றார். கட்டை ஒன்றுதானே, இரண்டுமே ஆறரைதானே என்று வாதாடினேன். ஒரு ஸ்கேலில் ஏழு எழுத்தும் ஆளுக்கு ஒரு தடவை வர வேண்டும். ஏ ஏற்கனவே வந்தாயிற்று, மறுபடி ஏ போட்டால் பி எங்கே போகும்? தாளில் எழுதும்போது ஒரே கோட்டில் இரண்டு சுரம் இடித்துக்கொள்ளும். சரி என்று திருத்திக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னபோது, "ஆறரைக்கு ரெண்டு பேரு வெச்சு என்னத்த கண்டாங்க" என்றார். மனதுக்குள் நான் இன்னும் அவர் கட்சிதான்.

கட்ட ஒரு மதியம் போதும். வாசிக்க வருஷக்கணக்கு. காரணம் கட்டைவிரல்.

எட்டு சுரம், ஐந்து விரல். வலது கை சி மேஜரில் ஏறும்போது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் வாசித்ததும், கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நழுவிப் போய் நாலாவது சுரத்தைப் பிடிக்க வேண்டும். எண்ணில் சொன்னால் 1 2 3 1 2 3 4 5. இடது கைக்கு 5 4 3 2 1, அப்புறம் நடுவிரல் கட்டைவிரலைத் தாண்டி வந்து 3 2 1. பார்க்க ஒன்றுமே இல்லை. எனக்கோ அந்த நாலாவது சுரம் ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்துவது போல 'டொம்' என்று விழுந்தது. கட்டைவிரல் நேரத்துக்கு வராமல், கடைசி நொடியில் முழங்கையையும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் குறை. ஆள்காட்டி விரல் வாசிக்கத் தொடங்கும்போதே கட்டைவிரல் உள்ளே கிளம்பிவிட வேண்டும் என்றார் டீச்சர். இந்த ஒன்றைத் திருத்த மூன்று மாதம் ஆனது. நடுவே நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். நிமிஷத்துக்கு இத்தனை என்று தட்டிக் காட்டும் மெட்ரனோமை 60-இல் வைக்கச் சொன்னால் 120-இல் வைத்து ஓட்டினேன். மணிக்கட்டு வலி வந்து, லேபில் பீக்கரைத் தூக்கவே சங்கடமாகி, ஒரு வாரம் கீபோர்டு பக்கம் போகவில்லை.

நாலு கட்டை வந்தபோது வேறு சிக்கல். அதே 1 2 3 1 போட்டால் கட்டைவிரல் ஆறரை மேல், அதாவது கறுப்பு மேல் ஏற வேண்டும். கட்டைவிரல் குட்டை, கறுப்புக் கட்டையோ உள்ளே தள்ளி உயரத்தில் இருக்கிறது. ஸ்கேலில் கட்டைவிரலைக் கறுப்பில் வைக்காமல் தப்பிப்பதுதான் விரல் கணக்கின் பாதி சூட்சுமம். அதனால் எஃப் மேஜரில் வலது கைக்கு மட்டும் 1 2 3 4 1 2 3 4. இடது கைக்குப் பழைய கணக்கேதான். இது தெரியாமல் நான் பட்ட பாட்டை மகள் பக்கத்து அறையிலிருந்து கேட்டு, "அப்பா, நாலாவது நோட்ல தடுக்கி விழறீங்க" என்று அறிவித்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு கையும் சேர்க்கும்போது எல்லோரும் ஒரே திசையில் ஆரம்பிப்பார்கள். டீச்சர் அதை அனுமதிக்கவில்லை. இரண்டு கட்டைவிரலையும் நடு சி-யில் வைத்து (61 கட்டை கீபோர்டில் இடமிருந்து மூன்றாவது சி), வலது கை மேலே போக, இடது கை கீழே போகச் சொன்னார். அப்படிப் போனால் இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் ஒரே விரல்தான் வேலை செய்யும், மூளைக்குக் குழப்பமில்லை. முதல் நாளே வந்துவிட்டது. ஒரே திசையில் போவதற்கு அவர் காட்டிய அடையாளக்கல்: சி மேஜரில் இ-யிலும் ஏ-யிலும் இரண்டு கைக்கும் நடுவிரல்தான். அந்த இரண்டு இடத்தில் நடுவிரல்கள் சந்தித்தால் வண்டி தடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மாறினால் நிறுத்து, முதலிலிருந்து எடு. தைப்பொங்கல் லீவு முழுக்க இதிலேயே போனது. அப்பாவுக்கு என் இடது கைதான் வேடிக்கை. அவர் இடது கை ஆயுசு பூராவும் துருத்தியை மட்டுமே அசைத்திருக்கிறது.

மே மாதம் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கியது. ஆலையில் மூன்று ஷிப்டும் ஓடும், வீட்டுக்கு வந்தால் தூக்கம்தான். ஜூலை கடைசியில் தொட்டபோது சி-யும் ஜி-யும் அப்படியே கையில் இருந்தன. எஃப் சுத்தமாகப் போய்விட்டது. டேப் கணக்கு தலையில் இருந்ததால் சுரம் தப்பவில்லை, விரல்தான் மறந்திருந்தது. டீச்சர் திட்டவில்லை. நாளைக்குப் பத்து நிமிஷம் போதும், ஆனால் நாள் தவறக்கூடாது என்றார்.

அதற்கப்புறம் அவர் வரிசையை மாற்றி நேரே ஏழு கட்டைக்கு, பி மேஜருக்குப் போனார். ஐந்து கறுப்பு என்று பயந்தேன். வைத்துப் பார்த்தால் கைக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. நீளமான விரல்கள் கறுப்பில் படுத்துக்கொள்கின்றன, கட்டைவிரலுக்கு இருக்கும் இரண்டே வெள்ளைகள் அதற்காகவே காத்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பியானோ மேதை ஷோபின் தன் மாணவர்களுக்கு இந்த ஸ்கேலைத்தான் முதலில் கொடுப்பாராம். முழுக்க வெள்ளையான சி, படிக்கச் சுலபம், கைக்குக் கஷ்டம் என்பது அவர் கட்சி. என் நாலாவது சுரம் அதை ஒத்துக்கொள்ளும்.

போன மாதம் கீபோர்டை ஊருக்கே எடுத்துப் போனேன். முதலில் அப்பாவின் பெட்டியோடு சேரவில்லை. கீபோர்டு ஏ 440 என்ற அளவில், அதாவது ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்று, இருக்கிறது, அவர் பெட்டி கொஞ்சம் ஏறியிருந்தது. டியூனிங்கில் போய் ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி, 445-இல் இரண்டும் ஒட்டின. "நாலரையில எடு" என்றார். கூத்துக்காரர் தொண்டை, இந்த வயதிலும் அங்கேதான் நிற்கிறது. பட்டனைத் தொடவில்லை. நாலரை, ஐந்தரை, ஆறரை, ஏழு, ஒன்றரை, இரண்டரை, நாலு, மேல் நாலரை. ஏறி இறங்கினேன். "சங்கராபரணம்" என்றார் அப்பா, அது தெரியாமலா வாசித்தாய் என்கிற மாதிரி. அசைவு, கமகம் ஒன்றும் இல்லாத வெறும் எலும்புக்கூடு என்று ஒரு குத்தலும் விட்டார். அவர் பாட, மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கறுப்பை மட்டும் தட்டினாள். நாலரையை சட்ஜமாக வைத்துக் கறுப்பில் மட்டும் போனால் மோகனம் வந்துவிடும், ஒரு தப்பும் விழாது. அவளுக்கு அது தெரியாது. தாத்தா மோகனத்துக்கு மாறிக்கொண்டார்.

பாதியில் கரண்ட் போனது. அப்பா பெட்டியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

இப்போது வலது கைக்குப் பன்னிரண்டும் வந்துவிட்டன. இடது கைக்கு ஐந்தரையும் ஆறரையும் பாக்கி. சீசன் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.