ஆகஸ்ட் 31-க்குள் முடிந்துபோகும் காதல்கள்

2024 ஜூலை 1, திங்கள்

ஜப்பானில், டோக்கியோவுக்குத் தெற்கே, எனோஷிமா தீவுக்கு எதிரே இருக்கும் கதாசே கடற்கரையை இன்று குளிக்கத் திறந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 31 வரை திறந்திருக்கும். வேலை முடிந்து ஃபுஜிசாவா வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடலுக்குப் போனேன். மணலில் 'உமி நோ இயே' (கடல் வீடு) என்ற கோடைக்காலக் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. யாக்கிசோபா (வறுத்த நூடுல்ஸ்), பீர், சிரப் ஊற்றிய துருவிய ஐஸ், அப்புறம் ஸ்பீக்கரில் பாட்டு.

எந்தக் கொட்டகையைத் தாண்டினாலும் 'ஆஓய் சாங்கோஷோ' (நீலப் பவளப்பாறை) பாட்டுதான். போன வாரம் டோக்கியோ டோம் அரங்கில் கொரிய நியூஜீன்ஸ் குழுவின் ஹானி இதைப் பாடினார். அன்றிலிருந்து ஊரே இதைத்தான் முணுமுணுக்கிறது. மாட்சுதா செய்கோ தன் 18 வயதில் பாடிய இந்தப் பாட்டு வெளிவந்தது 1980 ஜூலை 1. இன்றோடு 44 வருஷம்!

பாட்டின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். பல்லவிக்கு மெல்ல ஏறிப்போகிற வேலையே கிடையாது. எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் ஒரு நீண்ட 'ஆ'. என் காதல் தென்றலில் ஏறி ஓடுகிறது என்கிறாள் அந்தப் பெண். காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. ஜப்பானியக் கடல் பாட்டுகளை இந்தக் கோடை முழுக்கக் கேட்டு எழுதலாம் என்று தோன்றியதே அந்த அவசரத்தால்தான்.

ஜூலை 15, திங்கள்

கடல் நாள், அரசு விடுமுறை. ஆனால் மழைக்காலம் இன்னும் முடிந்தபாடில்லை. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம்.

இந்தப் பாட்டுகளில் காதலர்கள் ஏன் இப்படிப் பறக்கிறார்கள் என்பதற்குக் காலண்டரே பதில் சொல்லும். டோக்கியோ பக்கம் மழைக்காலம் விட ஜூலை மூன்றாம் வாரம் ஆகிவிடும். பள்ளிக்கூடம் விடுவதும் அதே சமயம்தான். ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களுக்கான ஓபோன் வரும். அது கழிந்தால் ஜெல்லிமீன் கூடிவிடும், தூரத்துப் புயல்களின் பேரலை வரும், பெரியவர்கள் கடலில் இறங்காதே என்பார்கள். மாதக் கடைசியில் கொட்டகைகளைப் பிரித்துவிடுவார்கள். ஆக நல்ல கடல் நாட்கள் என்று இருப்பது ஒரு மாதம் போலத்தான். பார்ப்பது, பழகுவது, பிரிவது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

அதனால் இங்கே கோடைக் காதலை அதிகமும் முடிந்த பிறகுதான் பாடுகிறார்கள். தி வைல்ட் ஒன்ஸ் குழுவின் 'ஓமோய்தே நோ நாகிசா' (நினைவுகளின் கரை) வெளிவந்தது 1966 நவம்பரில். குளிர்காற்று வீசத் தொடங்கிய மாதத்தில் ஒரு கடற்கரைப் பாட்டு! பன்னிரண்டு தந்தி கிட்டாரின் சத்தம் அதில் மினுமினுக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் கேட்கச் சலிக்கவில்லை.

ஜூலை 20, சனி

வியாழக்கிழமையே மழைக்காலம் முடிந்ததாக அறிவித்துவிட்டார்கள். காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. சிகாசாகிக்குப் போனேன்.

எனோஷிமாவும் இருக்கும் இந்த ஷோனான் கரையில் இந்த ஒரே ஊருக்கு இரண்டு தலைமுறைப் பாட்டுக்காரர்கள். முதலில் கயாமா யூஸோ. திரைப்பட நாயகன், இங்கே வளர்ந்தவர். 1965-ல் 'கிமி தோ இட்சுமாதெமோ' (உன்னுடன் என்றென்றும்) பாடினார். தான் மெட்டமைத்த பாட்டுகளுக்கு 'டான் கோசாகு' என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டார். அந்தப் பாட்டில் நேரம் நின்றுவிடுகிறது, யாரும் யாரையும் பிரிவதில்லை. நடுவில் பாட்டை நிறுத்தி, சந்தோஷமாக இருக்கிறது என்று சும்மா பேசுகிறார். இதைக் கேட்டு நெகிழாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அடுத்தவர் குவாதா கெய்சுகே. 1978 ஜூனில் சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் குழுவோடு 'காத்தே நி ஷிந்தோபாத்தோ' வெளியிட்டார். சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஓடும். ஜப்பானிய மொழியை இப்படியும் பாடலாமா என்று அன்று கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். அதில் எனோஷிமா கண்ணுக்குத் தெரிகிறது, வீடு நெருங்குகிறது. 1982-ல் வந்த 'சாக்கோ நோ காய்கான் மோனோகாதாரி'யில் சிகாசாகியின் எபோஷி பாறை கண்ணீரில் மங்குகிறது. இன்று அந்தப் பாறையைப் பார்த்தேன். கடலுக்குள் தள்ளி நிற்கும் கூர்மையான சின்னப் பாறை. அழவைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதையே தினமும் பார்த்து வளர்ந்தவருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

1999-ல் இந்தக் கரைக்கே குழுவின் பெயரைச் சேர்த்து சதர்ன் பீச் என்று வைத்துவிட்டார்கள். ரயில் புறப்படும்போது ஸ்டேஷனில் ஒலிப்பதும் அவர்களுடைய 'கிபோ நோ வாதாச்சி'தான். கதவு மூடும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 10, சனி

கடலுக்குப் போகவில்லை. 8-ம் தேதி தென்மேற்கே ஹ்யூகா கடலில் 7.1 அளவு நிலநடுக்கம். நன்காய் என்ற கடலடிப் பள்ளத்தில் பெரிய நிலநடுக்கம் வரலாம், கவனமாக இருங்கள் என்று முதல்முறையாக அரசு அறிவித்திருக்கிறது. வாகயாமாவின் ஷிராஹாமாவில் விடுமுறைக் கூட்டம் வரும் நேரத்தில் கடற்கரையையே மூடிவிட்டார்கள். நேற்று இரவு இங்கேயும் கனகாவாவின் மேற்கில் ஒரு குலுக்கல். தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கதவோரம் வைத்தேன்.

மனதில் 'சுனாமி' பாட்டுதான் ஓடுகிறது. 2000 ஜனவரியில் சதர்ன் வெளியிட்டது. அந்த வருஷத்து ஜப்பான் ரெக்கார்ட் விருது அதற்குத்தான். சுழன்று வரும் துயரத்தையே அது சுனாமி என்கிறது. கடல் சீற்றம் அதில் இல்லை, முடிந்துபோன ஒரு கோடையின் ஞாபகம்தான். 2011 மார்ச்சில் நிஜ சுனாமி வந்த பிறகு வானொலிகள் அதைத் தவிர்த்தன. தவிர்த்தது சரிதான், அந்தச் சொல்லைக் கேட்கவே முடியாத வீடுகள் எத்தனையோ.

ஆனால் மியாகி மாநிலத்து ஒனாகாவாவை நினைத்துப் பார்க்கிறேன். 800-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன சின்ன ஊர். அங்கே ஊர்க்காரர்களே நடத்திய பேரிடர் வானொலி 2016 மார்ச்சில் மூடப்பட்டபோது, கடைசியாக ஒலிபரப்பிய பாட்டு இதுதான். அந்தப் பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்காவது இருந்தது என்றால் அது அவர்களுக்குத்தான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நிலநடுக்க எச்சரிக்கை விலகிவிட்டது. வெள்ளிக்கிழமைப் புயலும் கரை தொடாமல் போய்விட்டது. ஓபோன் முடிந்தது.

யோகோஹாமாவின் நெகிஷி ஸ்டேஷனில் இறங்கி மேட்டில் ஏறினேன். வியர்வையில் சட்டை முழுக்க நனைந்துபோனது. மேலே டால்பின் உணவகம். அராய் யூமி (பின்னாளில் மாட்சுதோயா யூமி) 1974-ல், 20 வயதில் பாடிய 'உமி ஓ மிதே இதா கோகோ' (கடலைப் பார்த்திருந்த பிற்பகல்) நடக்கிற இடம் இதுதான். என்னைக் கேட்டால் ஜப்பானியக் கடல் பாட்டுகளில் இதற்கு மேல் எதுவும் கிடையாது.

அதில் கடற்கரையே இல்லை, நீச்சல் இல்லை. ஒரு பெண் தனியாக வந்து ஜன்னலோரம் உட்கார்கிறாள். சோடா தம்ளருக்குள்ளே சரக்குக் கப்பல் ஒன்று கடந்துபோகிறது. குமிழிகள் மறைகின்றன. அன்று அவன் எதிரில் வாய்விட்டு அழுதிருந்தால் இப்போது இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்போது அவளால் முடிந்தது, மை கசியும் காகிதக் கைக்குட்டையில் என்னை மறந்துவிடாதே என்று எழுதியது மட்டும். குரல் எங்கேயும் உயர்வதில்லை. அவள் அழாமல் விட்ட அழுகையைக் கேட்கிறவர்களிடம் கொடுத்துவிட்டுப் பாட்டு முடிகிறது.

சோடா வாங்கிக்கொண்டு தம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். வெளியே வீடுகளும் தொழிற்சாலைகளும் நெருக்கிக்கொண்டு நிற்க, அவற்றுக்கு அப்பால் கொஞ்சம் கடல். தம்ளரின் வெளிப்பக்கம் பனித்த நீரை விரலால் துடைத்தால் அந்தக் கோடு வளைந்து, தலைகீழாகி, குமிழிகளுக்கு நடுவே ஆடுகிறது. கப்பல் எதுவும் வரவில்லை. ஐஸ் கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

புயல் எச்சத்து மழை. வெளியே போக வழியில்லை. கொட்டகைகளின் காலம் நேற்றோடு முடிந்தது.

வீட்டில் பாடகர் ஓதாகி எய்ச்சியின் 'எ லாங் வெக்கேஷன்' இசைத்தட்டைக் கேட்டேன். நாகாய் ஹிரோஷி வரைந்த நீச்சல்குள அட்டையால் அதைப் பார்த்தாலே கோடை. ஆனால் அது வெளிவந்தது 1981 மார்ச் 21. உண்மையில் 1980 கோடையில் வரவேண்டியது. பாடல் எழுத வேண்டிய மாட்சுமோதோ தகாஷியின் தங்கை இறந்துபோனார். என்னால் எழுத முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார் அவர். ஹப்பி எண்ட் குழுவில் இருந்த காலத்துப் பழைய நண்பரான ஓதாகி, காத்திருக்கிறேன் என்றார்.

ஷிபுயா தெருவில் நடந்தபோது ஊரே நிறமிழந்து தெரிந்ததாக மாட்சுமோதோ பின்னால் சொல்லியிருக்கிறார். முதல் பாட்டு 'கிமி வா தென்னென்ஷோகு'வில், நினைவுகள் கறுப்பு வெள்ளையாகிவிட்டன, நிறம் தீட்டு என்ற கெஞ்சல் அங்கிருந்து வந்ததுதான். துள்ளும் பியானோ, அடுக்கடுக்கான கிட்டார்கள், ஆடவைக்கும் தாளம், அத்தனைக்கும் அடியில் ஒரு தங்கையின் சாவு. இது தெரிந்த பிறகு பாட்டின் சந்தோஷம் எனக்குக் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

தட்டின் கடைசிப் பாட்டு 'சராபா ஷிபேரியா தெட்சுதோ'. கோடைத் தட்டு போய் முடிவது சைபீரிய ரயில் பாதையில்! மழை விடட்டும், அதைக் கேட்டுக்கொண்டே ஒருநாள் எனோதென் ரயிலில் காமாகுரா வரை போகிறேன்.