கரண்ட் பிடிக்கிற செவ்வாய்க்கிழமை

பரந்தன் சந்திக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளோடு விழுந்து மேற்கை எலும்பு முறிந்து மூன்று மாதம். எலும்பு பொருந்திவிட்டது. மணிக்கட்டுதான் இன்னும் வாடின வாழையிலை மாதிரித் தொங்குகிறது. அந்த எலும்பைச் சுற்றி ஓடுகிற ரேடியல் நரம்பும் நசிந்துபோச்சு. அதற்குத்தான் செவ்வாய்க்கிழமை பிசியோ சிகிச்சைக்குப் போய்க் கையில் கரண்ட் பிடிக்கிறேன்.

"கரண்ட் அடிச்சவனைப் பார்த்திருக்கிறன், பஸ் ஏறிப்போய்ப் பிடிக்கிறவனை இப்பதான் பார்க்கிறன்" என்கிறார் அம்மம்மா.

பிசியோ மிஸ் முன்கையின் பின்பக்கம் இரண்டு ஈரப்பஞ்சை வைத்துக் கட்டி, குமிழை மெல்லத் திருப்பினார். முதலில் கட்டெறும்பு கடித்தது போல. அப்புறம் நடுவிரல் எழும்பியது. நான் எழுப்பவில்லை, அதுவாக!

"நரம்பு வந்திட்டுதா மிஸ்?"

"இல்லைத் தம்பி. கரண்ட் நரம்பை ஒட்டவைக்காது. நரம்பு வந்து சேருமட்டும் தசை மெலியாமல் இருக்கத்தான் இது."

இது எவ்வளவு உதவும் என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லையாம். சரி, தசை துடிப்பதைக் கண்ணால் பார்த்தேனே.

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீற்றர்தான் வளருமாம். ஏ9 வீதி பஸ்ஸில் விரலால் அளந்தேன், முறிந்த இடத்திலிருந்து முன்கைத் தசை வரை 15 சென்ரிமீற்றர். அதாவது 150 நாள்.

இடக்கையால் இதைத் தட்டி முடிக்க அரை மணித்தியாலம்.