ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு: பலம் முதலில் வந்தது, தைரியம் ரொம்பப் பின்னால் வந்தது

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த மருத்துவர், அதுவரை பிசியோதெரபிக்குப் போய்வரச் சொன்னார். முட்டிக்குள் எலும்புகளை இணைக்கும் ஏசிஎல் என்ற லிகமென்ட் அறுந்திருக்க, அதை வைத்துக்கொண்டு என்ன பயிற்சி என்று எனக்கு விளங்கவில்லை. பிசியோ சொன்ன காரணம் எளிது. வீங்கி, விறைத்து, நீட்ட முடியாத முட்டியோடு ஆபரேஷனுக்குப் போகிறவர் அதன் பிறகும் நீட்ட முடியாமல் அவதிப்படும் வாய்ப்பு அதிகம். வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, தொடைத்தசை ஓரளவு வேலை செய்கிற நிலையில் போனால் பின்னால் வரும் மாதங்கள் கொஞ்சம் இலகுவாகும். அதனால் சர்ஜரிக்கு முன்பே நகராத உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தேன், ஒற்றைக்காலில் நிற்கப் பழகினேன், ஊன்றுகோலோடு படி ஏறி இறங்கினேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். தெளிவாக இருக்கும்போதே இதைப் பழகி வைத்தது பிறகு பெரிய உதவியாக இருந்தது.

அடிபட்ட கதை சின்னது. பேட்மிண்டனில் பேக்ஹேண்ட் பக்கத்துப் பின்மூலைக்கு உயரமாக வந்த ஷட்டிலைத் தலைக்கு மேல் வளைந்து அடித்துவிட்டு இடது காலில் மட்டும் இறங்கினேன். முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், கீழே கிடந்தேன். யாரும் என்மேல் மோதவில்லை. ஏசிஎல் அறுவது பெரும்பாலும் இப்படித்தான்: எவரும் இடிக்காமல், குதித்து இறங்கும்போதோ ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதோ. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளேயே குறுக்காக இணைக்கும் இந்த லிகமென்ட்தான், கீழ்க்கால் முன்னால் நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்து வைத்திருக்கிறது. அது போனால் உள்ளே ரத்தம் கசிந்து சில மணி நேரத்தில் முட்டி உருண்டு வீங்கிவிடும். எனக்கும் அப்படியே ஆனது.

அறுந்தவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் கேட்கும் பலர் அது கட்டாயம் என்றே நினைக்கிறார்கள். 2010ல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன் என்று போனவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது தரப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதும் உண்மை. எனக்கு முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது, சமதரையில் திரும்பினாலே முட்டி வழுகியது, அதற்கு மேல் ஆடுவதை விட மனமில்லை. அதனால் முடிவெடுப்பது சிரமமாக இல்லை.

அறுந்ததைத் தைத்து ஒட்ட வைப்பதில்லை, பெரும்பாலும் வேறொரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ளதை எடுக்கலாம், மேலே தொடைத்தசையின் முனையில் உள்ளதை எடுக்கலாம், பின்தொடையில் உள்ள ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்தும் எடுக்கலாம். எனக்கு ஹாம்ஸ்ட்ரிங். ஆகவே முட்டிக்கு மட்டும் அல்ல, பின்தொடைக்கும் சேர்த்துத்தான் தேற வேண்டியிருந்தது. மாதங்கள் கழித்துக்கூட, ஷூவைக் குதிகாலால் தள்ளிக் கழற்றும்போது பின்தொடையில் சுருக்கென்று இழுக்கும். இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது: தழும்புக்குப் பக்கத்தில் ஒரு கை அகலத் தோல் மரத்துப்போகும். அங்கே ஓடும் மெல்லிய நரம்பு வெட்டுப்படுவதால் வருவது. பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் யாரும் சொல்லாவிட்டால் பயமாகத்தான் இருக்கும்.

முதல் வாரங்களைப் பற்றி நினைத்தால் வலி இப்போது ஞாபகத்துக்கு வருவதில்லை. வருவது என் தொடைதான். கட்டிலில் காலை நீட்டிப் போட்டு, “முட்டியைக் கீழே அழுத்துங்க, தொடையை இறுக்குங்க” என்றார் பிசியோ. நான் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். வலது தொடை இறுகியது! இடது, ஸ்விட்சைப் போட்டும் எரியாத விளக்கு மாதிரி அப்படியே கிடந்தது. தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது அங்கிருந்து போகும் தகவலால் நரம்பு மண்டலமே தொடைத்தசைக்குப் போகும் உத்தரவைக் குறைத்துவிடுகிறது. மூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்கிற ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாட்டால் தொடை நாளுக்கு நாள் சூம்பிப்போகிறது.

அதனால் வீக்கத்தைக் குறைப்பதே அப்போது தசைக்கான வைத்தியமும் ஆனது. ஐஸ், காலை உயர்த்தி வைப்பது, குறைவாக நடப்பது. தொடையில் பட்டைகளை ஒட்டி மின்தூண்டல் கொடுத்தார்கள்; மின்சாரம் தசையை இறுக்கும்போதே நானும் சேர்ந்து இறுக்க வேண்டும். ஒருநாள் மின்சாரம் இல்லாமலே முட்டிச்சில்லு லேசாக மேலே நகர்ந்தது. அடுத்த கட்டம், முட்டி துளிகூட மடங்காமல் காலை நேராகத் தூக்குவது. அது வந்த பிறகுதான் ஊன்றுகோலை விடுவது பற்றியே பேச்செடுத்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் “எவ்வளவு மடங்குது?” என்றுதான் கேட்டார்கள். பிசியோ ஒருநாளும் அதை முதலில் கேட்டதில்லை. “நீளுதா?” என்பதே அவர் கேள்வி. மடக்குவது பெரும்பாலும் மெதுவாக வந்து சேர்ந்துவிடும். நீட்டுவது தாமதமானால் உள்ளே தழும்புத் திசு வளர்ந்து தடுத்துவிடலாம், சிலருக்கு அதை அகற்ற இன்னொரு சிறு ஆபரேஷன் வரை போகும். முழுதாக நீளாத காலில் நொண்டாமல் நடக்கவும் முடியாது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியை அந்தரத்தில் தானாகத் தாழவிட வேண்டும். சுகமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. அந்தச் சுகம்தான் காலை மடங்கிய நிலையிலேயே நிறுத்தி வைக்கும்.

அப்புறம் ஒரு ஏமாற்றுக் கட்டம் வந்தது. இரண்டு மூன்று மாதத்தில் வலி போய்விடுகிறது, நடை சரியாகிறது, வெளியே பார்க்கிறவர்களுக்கு நீங்கள் குணமாகிவிட்டீர்கள். உள்ளே கதை வேறு. கிராஃப்டுக்கு, அதாவது எடுத்துப் பொருத்திய தசைநாருக்கு, ஆரம்பத்தில் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. அதன் பழைய செல்கள் பெருமளவு அழிந்து, புது ரத்தக்குழாய்கள் நுழைந்து, புது செல்கள் குடியேறி, அது கொஞ்சம் கொஞ்சமாக லிகமென்ட் போல மாறுகிறது. இந்த மாற்றம் நடக்கும் நடு மாதங்களில் அது பொருத்திய நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது. முழுதாக முதிர ஒரு வருடத்துக்கும் மேல் ஆகலாம். வலி இல்லை என்பதை வைத்து அந்தச் சமயத்தில் எதையும் முடிவு செய்ய முடியாது. எனக்கு யாராவது ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்றால் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜிம் மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சலிப்பானவை. காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ், படியிலிருந்து ஒற்றைக்காலில் மெதுவாக இறங்குவது, உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஹாம்ஸ்ட்ரிங்குக்குத் தனியாக. எடையைக் கூட்டலாமா வேண்டாமா என்பதை மறுநாள் காலை முட்டிதான் சொல்லும்: வீக்கம் இல்லையென்றால் மேலே போகலாம், வீங்கியிருந்தால் ஒரு படி கீழே. மற்றபடி தினமும் அதே வேலைதான்.

ஆனால் இரண்டு காலிலும் செய்கிற பயிற்சியை எவ்வளவு நம்பலாம் என்பதில் பிசியோ எனக்கு நல்ல பாடம் வைத்தார். இரண்டு எடை பார்க்கும் கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து ஸ்குவாட் செய்யச் சொன்னார். சமமாகத்தான் செய்கிறேன் என்று சத்தியமே செய்திருப்பேன். குனிந்து பார்த்தால் வலது பக்கத்தில் எண் எகிறிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாமல் உடம்பு இடது காலுக்கு விடுமுறை கொடுத்திருந்தது. அன்றிலிருந்து ஒற்றைக்கால் பயிற்சிகளே பிரதானம்.

அளப்பதிலும் விவரம் இருக்கிறது. டேப்பால் தொடையைச் சுற்றி அளப்பது ஒரு தோராயம்தான். கருவியில் உட்கார்ந்து முழு வலுவோடு காலை நீட்டித் தள்ளினால் உண்மை தெரியும். இரண்டு கால்களையும் ஒப்பிட்டு, அடிபட்ட கால் மற்றதில் குறைந்தது 90 சதவீதம் வர வேண்டும் என்பது பரவலாக வைக்கும் அளவுகோல். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துப் போன நாளில் 70 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு: இத்தனை மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலில் 90 சதவீதம் என்றால் பெருமைப்பட என்ன இருக்கிறது? அதனால் இரண்டுக்கும் சேர்த்தே உழைக்க வேண்டியிருந்தது. மறுபடி அறுவது ஆபரேஷன் செய்த முட்டியாகவே இருக்க வேண்டும் என்றில்லை, மற்ற முட்டியும் போவதுண்டு.

சரி, பலம் ஒருவழியாக வந்தது. எண்கள் ஏறின. இனித் தடையில்லை என்றுதான் நினைத்தேன்.

தரையில் ஒரு கோடு. இடது காலில் நின்று முன்னால் குதித்து, அதே காலில் இறங்கி அசையாமல் நிற்க வேண்டும். எளிய சோதனை. நான் கோட்டருகே நின்றேன், கையை ஆட்டினேன், முட்டியை மடக்கினேன். கால் தரையை விட்டுக் கிளம்பவில்லை. வலி இல்லை, வீக்கம் இல்லை, தசையில் போதுமான வலு இருப்பதற்குக் கையில் அளவே இருக்கிறது. ஆனாலும் கிளம்பவில்லை. சிரித்துச் சமாளித்தேன். பிசியோ சிரிக்கவில்லை. “இது நிறையப் பேருக்கு வரும். இதுக்கும் பயிற்சி இருக்கு” என்றார்.

அவர் கொடுத்தது 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம். ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்ப மனம் எவ்வளவு தயார் என்று பார்ப்பதற்கென்றே உருவாக்கியது: பயம், நம்பிக்கை, மறுபடி அடிபடுமோ என்ற எண்ணம் எல்லாவற்றையும் மதிப்பெண்ணாகக் கேட்கும். என் மதிப்பெண் பரிதாபமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி, ஏனென்றால் அதுவரை இதைக் கோழைத்தனம் என்று நினைத்து மறைத்துக்கொண்டிருந்தேன். 2014ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர்தான் பழைய நிலைக்கே ஆட்டத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். மீதிப் பேர் எல்லோருக்கும் முட்டி சரியில்லை என்று அர்த்தமில்லை.

பயத்துக்கான பயிற்சி எப்படி இருந்தது என்றால், முதலில் நான் பயப்படும் அசைவுகளை வரிசையாக எழுதச் சொன்னார். கீழே லேசானது, உச்சியில் அந்தப் பின்மூலைக் குதி. ஒவ்வொன்றையும் பயம் வராத அளவுக்குச் சின்னதாக்கி ஆரம்பிப்பது. குதிப்பதற்குப் பதில் தாழ்ந்த படியிலிருந்து இரண்டு காலில் இறங்குவது, அப்புறம் ஒற்றைக்காலில், அப்புறம் பக்கவாட்டில், அப்புறம் அரைச்சுற்றுத் திரும்பி. எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தோம். முதல் வீடியோக்களில் நான் முட்டியை விறைப்பாக வைத்து, தடாலென்று சத்தத்தோடு இறங்கினேன். பயத்தில் விறைப்பதுதான் மூட்டுக்கு ஆகாத இறக்கம் என்பது வேடிக்கை. “சத்தம் வராம இறங்குங்க” என்ற ஒரே வார்த்தை, முட்டியை இப்படி வை, இடுப்பை அப்படி வை என்ற நீண்ட விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்தது.

அதைவிட முக்கியமாக, கண்ணை முட்டியிலிருந்து எடுக்க வைத்தார். நான் குனிந்து காலைப் பார்த்தே ஒவ்வோர் அடியும் வைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் அது நடக்காது, பார்வை ஷட்டில்மேல் இருக்க வேண்டும். ஆகவே நான் குதித்து அந்தரத்தில் இருக்கும்போது அவர் “இடது” அல்லது “வலது” என்று கத்துவார், இறங்கியதும் அந்தப் பக்கம் ஓட வேண்டும். சில சமயம் பந்தை எறிவார், பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். முதலில் எல்லாம் குழம்பியது. பிறகு ஒருநாள், பந்தைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்து, இடது காலில் இறங்கியதைக் கவனிக்கவே இல்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது. அறிவுரை எத்தனையோ கேட்டேன். எனக்கு வேலை செய்தது இந்தக் கவனிக்காமல் இறங்கிய இறக்கங்கள்தான்.

இடையில் நண்பர்கள் அவசரப்படுத்தினார்கள், தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆறு மாதத்தில் வந்துவிடுகிறார்களே என்று. சிலர் வருகிறார்கள். ஆனால் கால்பந்தில் உலகின் சிறந்த வீராங்கனையாக இருந்த அலெக்சியா புட்டெயாஸ் 2022 ஜூலையில் ஏசிஎல் அறுந்து, களத்துக்குத் திரும்பியது 2023 ஏப்ரலில். அதுவும் நாள் முழுக்கக் கவனிக்க ஆட்கள் இருந்து. நான் நண்பர்களுக்குக் காட்டியது 2016ல் வந்த ஓர் ஆய்வை: 9 மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டி மறுபடி காயப்படும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

கோர்ட்டுக்குத் திரும்பியதும் நேராக ஆட்டம் இல்லை. ராக்கெட்டோடு ஷட்டில் இல்லாமல் ஓடுவது, கையால் போடும் ஷட்டிலை அடிப்பது, பாதிக் கோர்ட்டில் ஆடுவது, இரட்டையர் ஆட்டம், கடைசியாகத் தனி ஆட்டம். முட்டிக்குப் பிடிமானமாக மாட்டும் பிரேஸ் போடட்டுமா என்று பிசியோவிடம் கேட்டேன். மனசுக்குத் தெம்பாக இருந்தால் கொஞ்ச நாள் போடுங்கள், ஆனால் தொடையின் வேலையை அது செய்யாது என்றார். சில ஆட்டங்களுக்குப் பிறகு வியர்வைக் கசகசப்பு தாங்காமல் கழற்றிவிட்டேன்.

ஒரு வருடம் தாண்டியதும் அதே படிவத்தை மறுபடி நிரப்பினேன். ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தது. ஒன்று மட்டும் ஏறவில்லை: இன்னொரு முறை ஆபரேஷன், இன்னொரு முறை இத்தனை மாதப் பயிற்சி என்ற நினைப்பு ஆட்டத்துக்குக் குறுக்கே வருகிறதா என்ற கேள்வி. வருகிறது என்றேன். அது போகாவிட்டாலும் பரவாயில்லை என்றார் பிசியோ. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் நேராகக் கோர்ட்டில் இறங்கும்போது நான் மட்டும் ஓரமாக நின்று, குதித்து இறங்கும் பயிற்சிகளை முழுதாகச் செய்துவிட்டு வருகிறேன். காத்திருக்கிறவர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள்.