சர்ச் கல்யாணத்துக்குச் சாட்சி போடப் போகிற இந்துக்களுக்கு

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்க சர்ச்சில் நடக்கும் கல்யாணத்துக்கு இந்து ஒருவர் சாட்சிக் கையெழுத்து போடலாம். மணமக்கள் ஃபாதர் முன்னால் சம்மதம் சொல்லும்போது இரண்டு சாட்சிகள் கூட இருக்க வேண்டும் என்பதுதான் திருச்சபைச் சட்டம் கேட்பது. சாட்சி எந்த மதம் என்ற கேள்வியே அதில் இல்லை. இதைப் பங்கு ஆபீஸில், அதாவது அந்தப் பகுதி சர்ச் ஆபீஸில், யாராவது நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு லீவும் பெட்ரோலும் மிச்சமாகியிருக்கும்.

நான் வேலந்தாவளம், கூட்டாளி கொழிஞ்சாம்பாறைப் பக்கம், இரண்டும் கேரளாவில் பாலக்காடு மாவட்டம். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகச் சுற்றியவர்கள். "நீதான்டா சாட்சி" என்று அவன் சொன்னபோது அதற்கு ஒரு ஆபீஸ் படி ஏற வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதுவரை நான் சர்ச்சுக்குள் போனதே கிடையாது. திருவிழாவுக்கு வாசல்வரை போய் தேர் பார்த்ததோடு சரி.

பெயர் கொடுக்கப் போன இடத்தில் ஆபீஸ்காரர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஞானஸ்நான சர்டிபிகேட் வெச்சிருக்கீங்களா?" என்றார்.

"அண்ணா, நான் இந்துங்க."

"அப்ப ஆகாதுங்க. வேற ஆளப் பாருங்க."

அவ்வளவுதான். ஏன், எந்த விதி, யாரிடம் கேட்கலாம், ஒன்றும் கிடையாது. கூட்டாளி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் ஃபைலைப் பிரித்து அவனையும் ஒரு பிடி பிடித்துவிட்டார். அவன் அம்மா பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த ஞானஸ்நானப் பேப்பர் சின்ன வயதில் வாங்கியது, கோவை மறைமாவட்டம் (ஒரு பிஷப்புக்குக் கீழ் வரும் பங்குகள்) என்று அச்சடித்தது. 2013-ல்தான் இந்தப் பக்கத்துப் பங்குகளைச் சேர்த்து சுல்தான்பேட்டை மறைமாவட்டம் ஆக்கினார்கள். பழைய தலைப்பு இருப்பதால் செல்லாது என்றார். காரணம் தப்பு, ஆனால் புதுசு வேண்டும் என்பது சரிதான். ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அவருடைய ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே ஓரத்தில் குறித்து வைப்பார்கள். அதனால் கல்யாணத்துக்குக் கொடுக்கும் நகல் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். மாப்பிள்ளை, பெண் இருவரும் இதை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் வாங்கிய பங்கில்தான் கிடைக்கும்.

சரி, ஃபாதரையே கேட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போனேன். இங்கேதான் அடுத்த பாடு. போர்டில் காலையில் தமிழ்ப் பூசை, அப்புறம் மலையாளப் பூசை என்று நேரம் எழுதியிருக்கிறது. ஃபாதரை நடுவில் பிடித்துவிடலாம் என்று ஆபீஸ்காரரே சொல்லியிருந்தார். பூசை முடிந்ததும் ஃபாதர் அங்கியைக் கழற்றி பையில் வைத்துக்கொண்டு புல்லட்டில் கிளம்பிவிட்டார். கிளைக் கிராமத்தில் அவருக்கு அடுத்த பூசை. இங்கே மலையாளப் பூசைக்கு வேறு ஒருவர் வந்தார். ஆபீஸும் ஞாயிறு திறப்பதில்லை. பல பங்குகளில் இதுதான் நிலைமை என்று பிறகு தெரிந்தது. ஃபாதரைப் பார்க்க வார நாள் சாயங்காலம்தான் தோது, அதுவும் முன்னால் ஒரு போன் போட்டுவிட்டு.

அந்தப் பூசையில் முழுக்க உட்கார்ந்திருந்ததில் ஒரு லாபம், கல்யாணத்தன்று நான் தடுமாறவில்லை. முதல் தடவை போகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செருப்பு விஷயம் ஊருக்கு ஊர் வேறு, வாசலில் ஜோடிகள் குவிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன் வரிசையில் உட்காராதீர்கள். எழுந்திருப்பது, உட்காருவது, முழங்கால் போடுவது என்று மாறிக்கொண்டே இருக்கும். பின்னால் இருந்தால் முன்னால் இருப்பவர்களைப் பார்த்தே ஓட்டிவிடலாம். அவர்கள் எழும்போது எழுந்தால் மரியாதை. முழங்கால் போடாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. காணிக்கைப் பை வரும், போட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஒரு கட்டத்தில் சமாதானம் சொல்லச் சொல்வார்கள். சினிமாவில் பார்த்த ஞாபகத்தில் கை கொடுக்க நீட்டாதீர்கள். நம் ஊர்ப் பூசையில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பினால் போதும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் நற்கருணை, அதாவது வரிசையில் போய் அப்பம் வாங்குவது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தபோது வழிவிட நானும் நடைபாதைக்கு வந்தேன். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு தம்பி என்னையும் "போங்கண்ணா, போங்க" என்று முன்னால் தள்ளப் பார்த்தான். அந்த அப்பத்தைக் கத்தோலிக்கர்கள் மட்டும்தான் வாங்குவார்கள். அவர்களுக்கு அது ஆண்டவரின் உடல். "இல்லப்பா, நான் இங்கயே இருக்கேன்" என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவனும் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். பிரசாதம் மாதிரிதானே என்று போய்க் கை நீட்டிவிட வேண்டாம்.

கடைசியில் அறிவிப்புகள் வந்தன. கூட்டாளிக்கு அன்றைக்குக் கடைசி ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்று வழக்கமாக மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், அதுதான் ஓலை. தடை எனக்கல்லவா வந்திருக்கிறது என்று மனதுக்குள் முனகிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஃபாதரைப் பிடித்தோம். காபி டம்ளரோடு வராந்தாவுக்கு வந்து, விஷயத்தை முழுசாகக் கூடக் கேட்கவில்லை. "பதினெட்டு ஆச்சா? அங்க நடக்கறது புரியுமா? அப்ப வாங்க. ஆதார் ஜெராக்ஸ் மட்டும் குடுத்துருங்க" என்றார். ஆபீஸ்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த ஜெராக்ஸை அவர் கையிலேயே கொடுத்த சந்தோஷத்தை ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் ஆதாரில் ஒரு வம்பு இருக்கிறது. நமக்கெல்லாம் இன்ஷியல்தான். ரிஜிஸ்டரிலோ பெயர், அப்பா பெயர், வீட்டுப் பெயர் என்று தனித்தனிக் கட்டம். இன்ஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினால் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். ஆதாரில் இருக்கிறபடியே எழுதுங்கள், அப்பா பெயரை அதற்கான கட்டத்தில் போடுங்கள் என்று ஃபாதரே தீர்த்து வைத்தார். வீட்டுப் பெயர் கட்டத்தில் கதவு எண்ணைப் போட்டேன். எங்கள் வீட்டுக்கு ஏது பெயர்!

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்மத வார்த்தைகள், மோதிரம், தாலி எல்லாம் பலிபீடத்துக்கு முன்னாலேயே, சாட்சிகள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கையெழுத்து பூசை முடிந்த பிறகு. அந்த நேரத்தில்தான் போட்டோக்காரர் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவார், விடாதீர்கள். நாங்கள் சக்ரீஸ்துக்கு (ஃபாதர் அங்கி மாற்றும் அறை) போனால் ரிஜிஸ்டர் அலமாரிக்குள், சாவி ஆபீஸ்காரர் பையில், ஆபீஸ்காரர் மண்டபத்தில் முதல் பந்தியில். வயசான உபதேசியார் (பங்கில் மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பவர்) ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், பாதி இலையில் அவரை எழுப்பி சாவியை வாங்கி வந்தார். அந்தப் பெரியவருக்கு என் நன்றி. இன்னொரு சாட்சியான பெண்ணின் மாமா அதற்குள் பஸ் ஏறப் போயிருந்தார், அவரையும் ஓடிப்போய்க் கூட்டி வந்தோம். கையெழுத்து போட்டுவிட்டுத்தான் சாப்பாடு என்று சாட்சிகளிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்புக் காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் தை மாசத்தில் எல்லாம் நெருக்கியடித்து வரும். அந்தச் சமயத்தில் ஆபீஸில் பேப்பர் நகர நாளாகும், கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

இன்னொன்று. சர்ச் ரிஜிஸ்டரோடு வேலை முடியவில்லை. கேரளாவில் 2008-ல் வந்த விதிப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் 45 நாளுக்குள் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ பதிய வேண்டும். சர்ச் கொடுக்கும் சர்டிபிகேட் அதற்கு ஆதாரமாகும், ஆனால் விண்ணப்பத்தில் மறுபடியும் இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். அதற்கும் நான்தான் போனேன். அங்கே யாரும் மதம் கேட்கவில்லை, இன்ஷியலைத்தான் கேட்டார்கள்.