அடுப்பு நாய், விளக்கு நாய்

டோக்கியோவில் வீடு பார்க்கப் போன அன்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அதாவது, போனில். இங்கே காலை 11 மணி, கும்பகோணத்தில் 7.30. ஒரு கையில் காப்பி டம்ளரோடு வீடியோ காலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். குடியிருக்கப் போவது அவளும்தானே.

நிஷி-கசாய் ஸ்டேஷனிலிருந்து நடந்து 9 நிமிடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்பது இங்கே கணக்கு. சிக்னலில் நிற்கிற நேரம் அதில் சேராது. எனக்கு 14 நிமிடம் ஆனது. கோட்டு சூட்டோடு வந்த புரோக்கர் தம்பிக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

கதவைத் திறந்ததும் கென்கான். செருப்பு விடுகிற இடம், தரை ஒரு படி தாழ்வாக இருக்கும். தம்பி பையிலிருந்து இரண்டு ஜோடி ஸ்லிப்பர் எடுத்துப் போட்டார். மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனோம். அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகரமும் ஒரு கேஸ் குழாயும்தான் இருந்தன.

"கொன்ரோ வா நை தெஸ்" என்றார் தம்பி. கொன்ரோ என்றால் அடுப்பு. நை என்றால் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், கூரையில் விளக்கு மாட்டுகிற கொக்கி மட்டும் இருந்தது. "தெங்கி மோ நை தெஸ்." ஜன்னலைக் காட்டி, "காத்தேன் மோ நை தெஸ்." விளக்கும் நாம் வாங்க வேண்டும், திரைச்சீலையும் நாம் வாங்க வேண்டும்.

போனிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, அந்தத் தம்பி யாரை நாய் நாய்ங்கறாரு?"

"யாரையும் இல்ல. நை-ன்னா இல்லைன்னு அர்த்தம்."

"இல்லைங்கறதை இவ்வளவு சிரிச்சுக்கிட்டா சொல்லுவாங்க?"

தம்பிக்கு ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் ஜன்னலைத் திறந்து, "மதோ வா ஓகீ தெஸ்" என்றார். ஜன்னல் பெரியதாம்.

"மாடு எங்கே?" என்றாள் இவள்.

வெளியே போனால் பெராந்தா. நம்ம வராந்தாவின் ஒன்றுவிட்ட தம்பி. துணி காயப்போட நீளக் கம்பி இருந்தது. மழை வந்தாலும் நனையாது என்பதற்காகத் தம்பி மேலே கையைக் காட்டினார். "யனே கா அரிமாஸ்." யனே என்றால் கூரை.

இதை நான் மொழிபெயர்க்கவே இல்லை. அந்தப் பக்கம் அவளே, "அம்மா, யானையும் இருக்காம்" என்று உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்தது தத்தாமி அறை. கோரைப் பாய் விரித்த மாதிரி இருந்தாலும் அதுதான் தரையே. 6 ஜோ, அதாவது ஆறு பாய் அளவு, ஏறக்குறைய 10 சதுர மீட்டர். நான் பாட்டுக்கு ஸ்லிப்பரோடு காலை வைத்தேன். அதுவரை குரல் உயர்த்தாத தம்பி "ஆ! ஆ! ஆ!" என்று பாய்ந்து வந்தார். தத்தாமி மேல் ஸ்லிப்பர்கூடக் கூடாதாம். ஒற்றைக்காலில் தத்தளித்து, விழாமல் இருக்கப் பக்கத்திலிருந்த ஃபுசுமாவைப் பிடித்தேன். அது காகிதம் ஒட்டிய தள்ளுகதவு. பிடித்தால் நிற்காது, நகரும். என்னோடு சேர்ந்து நகர்ந்து, ஓஷீரே என்கிற அலமாரி தானாகத் திறந்துகொண்டது. மெத்தைகளை மடித்து வைக்க இரண்டு அடுக்கு, ஆள் உள்ளே உட்காரலாம் போல ஆழம்.

"கொஞ்சம் அப்படியே காட்டுங்க" என்றாள். நான் விழுந்தேனா என்று கேட்கவில்லை. "கீழ்த்தட்டுல கிரைண்டர் வைக்கலாம்."

கடைசியில் காசு. ஷிகிகின் ஒரு மாத வாடகை, அது நம்ம அட்வான்ஸ் மாதிரி. ரெய்கின் இன்னொரு மாத வாடகை. அது வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிக் கொடுப்பது, திரும்ப வராது.

"வாடகையும் கொடுத்துட்டு நன்றியும் நாமதான் சொல்லணுமா? அந்த ரெய்கின் நாய்னு சொல்லச் சொல்லுங்க."

தயங்கித் தயங்கி, "ரெய்கின்... நை?" என்று கேட்டேன். தம்பி தலையைச் சாய்த்து, பற்களுக்கு நடுவே "ஸ்ஸ்ஸ்" என்று காற்றை இழுத்தார். ஜப்பானில் அதற்கு அர்த்தம் நடக்காது என்பது. அதை மட்டும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வீட்டையே எடுத்தோம். அவள் வந்து மூன்று மாதமாகிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, நேற்று எழுதியது: "புளி நாய். துவரம்பருப்பு நாய். வரும்போது வாங்கிட்டு வரவும்."