இழுக்கும்போது மட்டும்

பிப்ரவரி 4

வண்டியில் அந்த அதிர்வு மறுபடியும் வந்தது. மணிக்கு 55 கிலோமீட்டரில் லேசாகத் தொடங்கி, 60-ல் முழுதாக ஏறி, 68 தாண்டியதும் காணாமல் போகிறது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு அதே சாலையில் போனால் ஒன்றுமே இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து வரும் ரீங்காரம் அது. பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் ஓரம் இரண்டு கோடாகத் தெரிகிறது. ஸ்டீயரிங்கில் எதுவும் இல்லை.

28-ஆம் தேதிக்குள் லேத் மெஷினை எடுத்து வந்தாக வேண்டும்.

பிப்ரவரி 5

பட்டறையில் டயர் பேலன்ஸ் பண்ணிவிடலாம் என்றார்கள். பண்ணினார்கள். அப்படியே இருக்கிறது. டயர் என்றால் டிரெய்லர் இல்லாதபோதும் கொஞ்சமாவது தெரிய வேண்டும், ஸ்டீயரிங்கிலோ சீட்டிலோ. "அது டிரெய்லரோட குணம்ணே, இழுத்தா அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். போன வருடம் இதே டிரெய்லர், இதைவிட அதிக எடை. அப்போது இந்த ரீங்காரம் இல்லை.

அப்பா கேட்டார், லேத் எப்போது வருகிறது என்று. இந்த வாரம் என்றேன்.

பிப்ரவரி 7

இன்று முழுக்கக் கணக்கு. டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி அளந்தேன்: 2.25 மீட்டர். மணிக்கு 60 என்றால் நொடிக்கு 16.7 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்கு 7.4 சுற்று. கிரவுன் (பின் அச்சின் பல்சக்கரம்) விகிதம் 4.1: சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றும். ஆக ஷாஃப்ட் நொடிக்கு 30 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றுகிறது. கிராஸ், அதாவது ஷாஃப்டின் முனையில் மடங்கும் மூட்டு, ஒரு கோணத்தில் மடங்கிச் சுழலும்போது, சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அது நொடிக்கு 61 முறை. போனைத் தரைவிரிப்பின் மேல் ஒட்டிவைத்து அதிர்வைப் பதிவு செய்திருந்தேன். அது காட்டிய உச்சி 61 ஹெர்ட்ஸ்.

சந்தோஷப்பட முடியவில்லை. நான்காவது கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. என்ஜினும் அதே 30 சுற்றில்தான் ஓடுகிறது. நான்கு சிலிண்டர் டீசலில் சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கும், அதுவும் 61. கிராஸும் சிலிண்டரும் ஒரே எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு இன்ஜெக்டர் சரியில்லையோ, என்ஜின் மவுண்டிங் ரப்பர் போய்விட்டதோ என்ற பயம் இங்கேதான் பிறக்கிறது.

கிளட்சை மிதித்துப் பார், அதிர்வு நின்றால் என்ஜின்தான் என்பார்கள். மிதித்தேன், நின்றது. ஆனால் கிளட்சை மிதித்தால் இழுப்பும் சேர்ந்தே போய்விடுகிறதே. இழுக்கும்போது மட்டும் வரும் அதிர்வுக்கு அந்தச் சோதனை எதையும் சொல்லாது. என்ஜின் வேகம் மாற வேண்டும், ஷாஃப்ட் வேகமும் இழுப்பும் மாறக் கூடாது. அதற்கு ஒரே வழி வேறு கியர்.

பிப்ரவரி 8

மூன்றாவது கியரில் அதே ஏற்றம், அதே 60. என்ஜின் நிமிடத்துக்கு 2,550 சுற்றில். சிலிண்டர்கள் தர வேண்டியது 85 ஹெர்ட்ஸ். 85-ல் ஒரு சின்ன மேடு. 61-ல் பழைய உச்சி அப்படியே நிற்கிறது.

பிப்ரவரி 9

காரணம் என்ஜின் இல்லை. இரண்டு நாளாக இறுகியிருந்த தோள் இறங்கியது.

பிப்ரவரி 10

ஷாஃப்டை இறக்கினேன். கழற்றும் முன் எல்லா இணைப்பிலும் பெயின்ட் கோடு, திரும்ப அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. பின் கிராஸின் ஒரு கிண்ண ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு வந்திருந்தது. கிரீஸ் வற்றிய கிராஸ் அப்படித்தான் சொல்லும். உள்ளே ஊசி பேரிங்குகள் பதித்த வரிகள் நகத்தில் தட்டுப்பட்டன. ஆகா, இதுதான் என்று நினைத்தேன். புதுசு போட்டாயிற்று. ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கைச் சுற்றிப் பார்த்தேன், சத்தமில்லை. ரப்பரிலும் கிழிசல் இல்லை.

இரவு ஓட்டிப் பார்த்தேன். 61.

பிப்ரவரி 12

கோணம். கோணம். கோணம்.

லிஃப்டில் தூக்கி அளப்பது வீண் வேலை. அச்சு தொங்கிவிடும், பின் ஷாஃப்ட் இயல்பைவிடச் செங்குத்தாகச் சாயும், வருகிற எண் ஒன்றுகூட சாலைக்குப் பொருந்தாது. வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். அதனால் குழியில் இறங்கி அளந்தேன். வெறும் வண்டியில் சென்டர் பேரிங் பக்கத்துக் கிராஸில் 3.2 டிகிரி, கிரவுன் பக்கத்தில் 3.4. இரண்டும் ஏறக்குறைய சமம். ஒன்று கூட்டுவதை மற்றொன்று குறைத்து விடும்.

பிறகு டிரெய்லரை மாட்டி, தண்ணீர் டிரம்களை முன்னால் தள்ளினேன். கொக்கியில் டிரெய்லர் எடையின் 12 சதவீதம் வந்தது. 10-லிருந்து 15-க்குள் இருக்க வேண்டும், குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். பின் அச்சுக்கு மேல் வண்டியைத் தாங்கும் பட்டை (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) 60 மில்லிமீட்டர் அமுங்கியது. இப்போது 0.4, 0.6. ஊசிகள் நன்றாக உருள அரை டிகிரியாவது தேவை, அந்த விதத்தில் 0.4 குறைவுதான். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள். இதிலிருந்து அதிர்வு வரக் கூடாது.

வரக் கூடாது. வருகிறது.

பிப்ரவரி 13

தூங்கவில்லை. முன் கிராஸ் ஓட்டத்தில் விட்டுப்போனால் ஷாஃப்டின் முன்முனை தரையில் குத்தும். பின்னால் இரண்டு டன். அந்தப் படம் கண்ணை மூடினாலே வருகிறது. தம்பி போன் செய்தான், வாடகைக்கு வேறு வண்டி எடுத்துவிடலாமே அண்ணா என்றான். எடுக்கலாம். லேத் வந்துவிடும். ஆனால் இந்த வண்டியில் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிப் போவது யார்?

பிப்ரவரி 15

விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எடையோடு அளந்தேன், சரி. ஆனால் நின்ற வண்டியை அளந்தேன். நிற்கும் வண்டி இழுக்காது!

இழுக்கும்போது சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும் அதே முறுக்கு, அச்சுக் கூட்டைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். கிரவுனின் மூக்கு, அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் முன்முனை, மேலே எழும். அதைப் பிடித்து வைப்பது பட்டை மட்டுமே, குறிப்பாகப் பட்டையின் முன்பாதி.

மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "ஹேண்ட்பிரேக் போட்டு முதல் கியர்ல லேசா இழுத்துப் பார்த்தா மூக்கு எழும்புறது தெரியும்ல?" என்றார். தெரியாது. பின் டிரம்மின் பிரேக் ஷூ அச்சுக் கூட்டோடுதான் பூட்டியிருக்கிறது. சக்கரத்துக்குப் போகும் முறுக்கை அதுவே திரும்பக் கூட்டுக்குக் கொடுத்துவிடும். இரண்டும் உள்ளேயே கழிந்து, பட்டைக்கு ஒன்றும் வராது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அட, ஆமாம்" என்றார். கேமராவை சேஸிஸில் கட்டிவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 16

வெள்ளைப் பெயின்டில் மூக்கின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சேஸிஸிலிருந்து தொங்கும் ஒரு ஸ்கேல். ஏற்றத்தில் காலை அழுத்தியதும் கோடு மேலே போகிறது, காலை எடுத்ததும் இறங்குகிறது. 18 மில்லிமீட்டர். அச்சின் மையத்திலிருந்து மூக்குவரை 350. ஆக 3 டிகிரி திரும்புகிறது. ஷாஃப்டின் பின்முனையும் சேர்ந்து எழுவதைக் கணக்கில் எடுத்தால், ஒரு கிராஸில் அரை டிகிரி, மற்றதில் மூன்றுக்கு மேல். ஒன்று மற்றொன்றைக் கழிக்க வழியே இல்லை.

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்ப்பேனோ தெரியவில்லை. அழகாக இருக்கிறது.

பிப்ரவரி 18

வலது பட்டை. இரண்டாம் தகட்டில், அச்சுக்கு முன்னால், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புக்கு உள்ளே விரிசல். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபோது முடி கனத்தில் ஒரு துருக்கோடு. பிரித்ததும் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. உடைந்த முகத்தில் பாதி கறுப்பு, பாதி புது வெள்ளி நிறம். ரொம்ப நாளாக வெடித்துக்கொண்டு வந்து, மீதி சமீபத்தில் போயிருக்கிறது. பட்டையை அச்சோடு கட்டும் யூ-போல்ட்டும் தளர்ந்திருந்தது, அடியில் பட்டை உராய்ந்த இடம் பளபளவென்று இருந்தது.

வெறும் வண்டிக்கு மிச்சத் தகடுகள் போதும். இழுக்கும்போதுதான் ஆள் போதவில்லை.

பிப்ரவரி 19

பட்டை வரவில்லை.

பிப்ரவரி 20

வரவில்லை. அப்பா இன்று கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 22

வந்தது. இரண்டு பக்கமும் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் வண்டி சாயும். யூ-போல்ட் நான்கும் புதிது. ஒருமுறை முழுதாக இறுக்கி நீண்ட போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது என்பதில் அண்ணனும் நானும் ஒரே கட்சி. பட்டையின் முனை ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் இறங்கி எடை ஏறிய பிறகுதான் முறுக்கினோம், இல்லாவிட்டால் புஷ் முறுகியபடியே நிற்கும்.

பிப்ரவரி 23

அதே ஏற்றம், அதே டிரம்கள், நான்காவது கியர், 60. மூக்கு 4 மில்லிமீட்டர் எழுகிறது. கண்ணாடியில் டிரெய்லரின் ஓரம் ஒரே கோடு. போனில் 61-ல் ஏதோ இருக்கிறது, ஆனால் தேடினால்தான் தெரிகிறது. நேர் கியரில் சிலிண்டர்களின் பங்கு அங்கே எப்படியும் இருக்கும். மூன்றாவது கியரில் 61 சுத்தம்.

திரும்பி வரும்போது கத்திவிட்டேன், வண்டிக்குள் தனியாக.

பிப்ரவரி 24

யூ-போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்த்தேன். வலது முன் நட் கால் சுற்று ஏறியது, மற்றவை அசையவில்லை. தம்பி நாளை காலை ஆறு மணிக்கு வருகிறான். செயின் பிளாக், மரக்கட்டைகள், நான்கு ராட்செட் பெல்ட். லேத்தின் தலைப்பக்கம்தான் கனம், அதை டிரெய்லரின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைக்க வேண்டும்.